மடுக்கரை மனுவைத் திருப்பி அனுப்புவது விஷயமாக

குண்டாற்றுக் கரை, திருச்சுழி வழி
14-6-1946, வெள்ளிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை ஜான்ராஜ் அவர்களுக்கு மாமனார் யேசுதாசன் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவள். மதுரையில் நீங்களும் என் மகள் ஜெயக்கொடியும் சுகமாயிருப்பதற்கு இரண்டு வரி எழுதுங்கள். அவளுக்கு நேரம் இல்லையென்றால், கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவான உங்களுக்காவது எழுதிப் பழகிய கை இருக்கிறதே.

நிற்க. போன மாதம் நான் உங்களிடம் கொடுத்த மனுவை, அதாவது நம் ஊர் ஆண்பிள்ளைகள் தொண்ணூற்றிரண்டு பேர் கையெழுத்தும் கைநாட்டுமாக வைத்த அந்த மனுவை, கலெக்டர் துரையின் மேஜைக்குப் போகவிடாமல் எடுத்து எனக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மடுக்கரையில் இன்னும் எட்டுக் குழாய் இறக்க எண்ணெய்க் கம்பெனிக்கு வருகிற புதன்கிழமை உத்தரவு கையெழுத்தாகும் என்று எழுதியிருந்தீர்கள். கையெழுத்தாகட்டும். முப்பத்துமூன்று வருஷம் மிஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன வாத்தியார், ரிட்டயரானதும் இப்படிப் புரட்டிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

மதுரையில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு எங்கள் மடுவைப் பற்றித் தெரிய நியாயமில்லை. குண்டாறு வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணல். ஆனால் நம் ஊர் வளைவில், பாறைக்குக் கீழே இருக்கிற மடு மட்டும் சித்திரை வெயிலிலும் வற்றாது. ஊர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். அதில் கிடக்கும் விராலை யாரும் தொடுவதில்லை. கண்மாய் வற்றி மீன் பிடிக்கிற அன்று கூடையும் கச்சா வலையுமாகச் சேற்றில் புரண்டு, மாமன் மச்சான் என்று பாராமல் ஒரு கெண்டைக்குச் சண்டை போடுகிற இதே ஜனங்கள், மடுவில் ஒரு தூண்டில் போடமாட்டார்கள். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் மடு மீன்தான் அத்தனை கண்மாய்க்கும் ஏறிப் போகிறது. மீறிப் பிடித்தவன் வீட்டில் ஒருவரும் கை நனைக்கமாட்டார்கள்.

அப்படிப்பட்ட மடுவின் கரையில்தான் மாசி மாதம் கம்பெனிக்காரர்கள் நான்கு லாரியில் வந்து இறங்கினார்கள். கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு கால் போத்தல் மண்ணெண்ணெய்க்கு வெயிலில் நிற்கிற எங்கள் காலுக்கு அடியிலேயே எண்ணெய் இருக்கிறதாம். எண்ணெய் பொங்கினால் முதலில் மடுவில்தானே விழும், மீன் செத்து மிதக்குமே, குடிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது என்றுதான் அந்த மனுவை எழுதினேன். எழுதினேனே தவிர, தினமும் காலையில் கஞ்சி குடித்த கையோடு குடையை எடுத்துக்கொண்டு அந்த இயந்திரத்தைப் பார்க்கவும் போய்விடுவேன். அதை உங்களிடம் மறைப்பானேன். எங்கள் சபைக் கோவில் மணிக்கூண்டைவிட உயரமான இரும்புக் கோபுரம். அது இடிக்கும்போது என் உள்ளங்கால் கூசும், மார்புக்குள் ஏதோ எழுந்து உட்காரும். மனிதன் கை இப்படியும் செய்யுமா என்று வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். அங்கே மேஸ்திரி அப்துல் பாரி. அருப்புக்கோட்டைக்காரர், பர்மாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்து, ஜப்பான் சண்டையில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். எதிரியாக இருந்தாலும் எனக்கு ஒரு பெட்டி போட்டு உட்காரச் சொல்வார்.

திங்கட்கிழமை ஊரே திரண்டு போய்க் கம்பெனி துரையிடம் நேரில் சொல்வது என்று முடிவு செய்தோம். ஊர்ப் பெரியதனம் சங்கையா முன்னால், நான் பக்கத்தில், தொண்ணூறு பேர் பின்னால், அவர்களுக்கும் பின்னால் வேடிக்கை பார்க்க வந்த பெண்கள். நான் இங்கிலீஷில் இரண்டு பக்கம் பேச எழுதி, உங்கள் அத்தையை உட்காரவைத்து நான்கு தரம் வாசித்துப் பழகியிருந்தேன், அவளும் புரியாமலே நான்கு தரம் நன்றாயிருக்கிறது என்றாள். துரை கருவேல மர நிழலில் மடக்கு நாற்காலியில் இருந்தார். நான் தொண்டையைக் கனைத்து "கனம் ஐயா" என்பதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள், எஞ்சின் ஒரு தரம் செருமி, குழாய் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டது. ஆள் தொடை கனத்துக்குத் தண்ணீர், மாப்பிள்ளை. ஐம்பது வருஷமாக இந்தக் கரிசலில் மேகத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வளைந்துபோன ஜனங்கள் நாங்கள். சங்கையா தலைத்துண்டை எடுத்துவிட்டார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. எங்கள் பக்கம் யார் கிணறு வெட்டினாலும், ஊற்று திறக்கும்போது அங்கே இருப்பவர்கள் அந்த முதல் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக் குடிக்க வேண்டும். வெட்டியவருக்குத் துண்டு போர்த்த வேண்டும். அந்த வருஷம் முழுக்க அவரை ஒரு வார்த்தை குறை சொல்லக்கூடாது. எதிர்க்கப் போன தொண்ணூறு பேரும் வரிசையாக நின்று குடித்தார்கள். நானும் குடித்தேன். நான் வேதக்காரன்தான், ஆனால் தாகத்துக்கு எந்த வேதம்? சங்கையா தன் துண்டையே துரைக்குப் போர்த்திவிட்டார். துரையோ தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வந்ததற்குத் துக்கப்பட்ட மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"எண்ணெயத் தேடுனா தண்ணி வந்துருச்சு சாரு. இத எறச்சுக் கொட்டுனாத்தான் மேக்கொண்டு கொழாய் எறங்கும். தொரைக்கு அதான் வருத்தம்" என்றார் அப்துல் பாரி.

"கொட்டுறத எங்க பருத்திக் காட்டுப் பக்கம் கொட்டச் சொல்லுங்க" என்றார் சங்கையா. பிறகு என் பக்கம் திரும்பி, "வாத்தியாரய்யா, அந்தக் காயிதத்த மடிங்க. குடிச்ச வாயால அவுகள வையக்கூடாது" என்றார். மடித்துவிட்டேன்.

நான்கு நாளாக இரவும் பகலும் எஞ்சின் ஓடுகிறது. ஆனி மாதத்தில் பருத்திக் காட்டில் வெள்ளம் நிற்கிறது. ஒரு குழாய்க்கே இப்படி என்றால் எட்டுக் குழாய்க்கு எப்படியிருக்கும்? ஆண்டவர் பாறையிலிருந்து தண்ணீர் கொடுத்ததைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிக்கொடுத்தவன், இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். ஆகவே அந்த மனு வேண்டாம். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் செட்டைகளின் நிழலில் காப்பாராக. ஜெயக்கொடியை வெறும் வயிற்றில் காப்பி குடிக்க வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
ம. யேசுதாசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பின்குறிப்பு: இதை மடிக்கப் போகும்போது, தினமும் மடுவில் முதல் குடம் எடுக்கிற முத்துப்பேச்சி பாதிக் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள். நாலு நாளில் தண்ணீர் பாறைப் படிக்கட்டில் ஏழு படி இறங்கிவிட்டது என்றாள். நம்பாமல் ஓடிப்போய்ப் பார்த்தேன். கணுக்கால் தண்ணீரில் ஒரு தாய் விரால், செக்கச்செவேலென்ற குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. முதுகு வெயிலில் காய்கிறது, ஆனாலும் குஞ்சுகளை விட்டு நகரவில்லை. என்னைப் பார்த்தும் அது பயப்படவில்லை, இத்தனை தலைமுறையாக நாம் அதைப் பயப்படுத்தியதில்லை அல்லவா. நான்தான் பயந்துபோனேன். நான் போய்ச் சொன்னதும் அப்துல் பாரி எஞ்சினை ஒரு மணி நேரம் நிறுத்திக் காட்டினார். மடு விரற்கடை ஏறியது. ஓட்டினார், இறங்கியது. சங்கையா அப்போதும், "குடிச்சுட்டோமே, எப்படி எதுக்குறது?" என்றார். முத்துப்பேச்சி, "அவுக தண்ணியவா குடிச்சீக? நம்ம மடுத் தண்ணிய எடுத்து நமக்கே ஊத்திக் குடுத்துருக்காக, அதுக்குத் துண்டு வேற" என்றாள். நான் வீட்டுக்கு வந்து இந்தத் தாளை மறுபடி எடுத்தேன்.

ஆகையால் மாப்பிள்ளை, மனுவை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். புதன்கிழமைக்குள் கலெக்டர் துரை மேஜையில் அது இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள், ஆனால் முன்பக்கத்தை யாரும் வாசிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் ஊர்ப் பெண்கள் அறுபத்தெட்டுப் பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். முதல் மனுவுக்கு நான் அவர்களைக் கேட்கவே இல்லை. முதல் கைநாட்டு உங்கள் அத்தையுடையது. வீட்டில் வேறு தாளும் இல்லை, கைநாட்டுக்கு மையும் இல்லை. மடுவில் இப்போது சேறு தாராளமாகக் கிடைக்கிறது, அதைத் தொட்டுத்தான் வைத்தார்கள்.