மச்சான், உங்கள் தங்கை பரலோகத்துக்குப் புறப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள்

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும் லிப்ட் மெக்கானிக்குமாகிய அடியேன் தாழ்மையோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நான் ஜெபிக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. இங்கு யாவரும் நலம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும், ஆனால் பேனா நகரமாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கைக்கு வயிற்றில் கட்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். "ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடுவாங்க மச்சான், கவலைப்படாதீங்க" என்று போனில் சொன்னேன். அதில் பொய் இல்லை. டாக்டர் அம்மா நாள் குறித்தார், உங்கள் தங்கை போகவில்லை. இன்னொரு நாள் குறித்தார், அதற்கும் போகவில்லை. "தள்ளிப்போட்டா அது பரவிடும், அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை" என்று டாக்டர் என்னிடம்தான் கத்துகிறார், நான்தான் கட்டியை வளர்த்த மாதிரி. வீட்டுக்கு வந்து கேட்டால், "ஆண்டவர் வர்ற நேரத்துல நான் மயக்க ஊசி போட்டுக்கிட்டுக் கட்டையா கிடக்கணுமா?" என்கிறாள். இதற்கு என்ன பதில் சொல்வது மச்சான்? நான் பத்தாவதையே இரண்டு தடவை எழுதியவன்.

இதற்கெல்லாம் மூல காரணம் நான்தான். போன மழைக்காலத்தில் சபைக் கட்டடத்து லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய், போதகர் ஐயா உள்ளே மாட்டிக்கொண்டார். கதவை நெம்பி அவரை வெளியே எடுத்தேன். வியர்த்து விறுவிறுத்து வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, என்னை நீ தூக்கிவிட்டாய், உன்னைத் தூக்கிவிட ஒருவர் வரப்போகிறார், ஆயத்தமா?" என்று கேட்டார். வேலை முடிந்த சீட்டில் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் நானும் "ஆயத்தம்தான் ஐயா" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் விடுவாரா? ஆண்டவர் வருகைக்கு வியாழக்கிழமை தோறும் ஆயத்தக் கூட்டம், வந்துவிடு என்றார். தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் உங்கள் தங்கையையும் இழுத்துக்கொண்டு போனேன். நான் போனது அங்கே கொடுக்கிற டீக்கும் கேக்குக்கும். அவள் முதல் வாரமே டீயைத் தொடாமல் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டி இருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். வாரம் ஒருத்தர், எந்தப் பொருள் தன்னைப் பூமியோடு கட்டிப்போட்டிருக்கிறதோ அதைக் கொண்டுவந்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் தங்கை தையல் மிஷினைக் கொடுத்தாள். இருபது வருஷமாக அவள் கால் மிதித்த மிஷின், கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முறை வந்தது. நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஊதாச் சட்டையைக் கொடுத்தேன். மன்னிக்க வேண்டும். வாசலைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டாள், "அந்தச் சட்டை மேல உங்களுக்கு எந்தக் காலத்துல பற்று இருந்துச்சு? டிவியைத் தூக்கிட்டு வந்திருக்க வேண்டியதுதானே?" என்று. உபவாசம் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன், டூல் பாக்ஸுக்குள் ஒளித்த பிஸ்கட்டோடு. உதட்டில் கிரீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்து அதையும் கண்டுபிடித்தாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். அடுத்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கட்டடத்தில் தீ அபாயச் சங்கு ஊதியது. நாலாவது மாடியில் யாரோ அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்களாம். எனக்கு அதெல்லாம் தெரியுமா? டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் கையில் ரிமோட்டோடு, பனியனோடு, எட்டு மாடியும் இறங்கித் தெருவில் போய் நின்றேன். நின்ற பிறகுதான் வீட்டில் மனைவி என்று ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்தது. மூச்சிரைக்க மேலே ஏறி வந்தால், அவள் நல்ல உடுப்பை மாற்றி, தலையை வாரி, கட்டில் ஓரத்தில் கையைக் கூப்பி உட்கார்ந்திருந்தாள். ஆண்டவர் வரும்போது ஊதுகிற எக்காளம் என்று நினைத்துவிட்டாள் மச்சான். அப்படி ஒரு முகத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. "பால் பொங்கிடுச்சாம்" என்றேன். அந்த முகம் அப்படியே அணைந்தது. "எல்லாரும் மேல போறப்போ நீங்க ஒருத்தர் மட்டும் படியில இறங்கி ஓடுவீங்க" என்றாள். கேலிக்குச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போதகர் ஐயாவைக் கூட்டிவந்தேன். "அம்மா, ஆண்டவருக்காகக் காத்திருக்கிறவங்க வைத்தியம் பார்க்கக் கூடாதுன்னு நான் எப்போ சொன்னேன்?" என்று கெஞ்சிப் பார்த்தார். "சரிங்க ஐயா" என்று பணிவாகச் சொல்லி, அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். மகள் போனில், "கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? நீங்கதானே? இப்போ ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க, பார்ப்போம்" என்று என் வாயை அடைத்துவிட்டாள். வலி வரும்போது உங்கள் தங்கை தலையணையைக் கடித்துக்கொள்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்.

ஆகவே, இந்தக் கடிதம் கண்டதும் அடுத்த வண்டியிலேயே புறப்பட்டு வர வேண்டும். சின்ன வயதில் அவளை மிரட்டி மருந்து குடிக்க வைத்தது நீங்கள்தானாம், அவளே சொல்லியிருக்கிறாள். எனக்கு மிரட்ட வராது. உங்களுக்கு அந்தக் குரல் இருக்கிறது. வந்து அவளைத் திட்டுங்கள், என்னையும் சேர்த்துத் திட்டுங்கள், எப்படியாவது சம்மதிக்க வையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவருடைய இரக்கம் உங்கள் வீட்டிலும், கொஞ்சம் மிச்சம் இருந்தால் எங்கள் வீட்டிலும் தங்குவதாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் பாரம்,
நான்தான்.

பி.கு.: என் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாது என்று உறையில் விலாசம் எழுத எப்போதும் அவளிடம் கொடுப்பேன். புத்தி எங்கே போனதோ, கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். முழுதும் படித்தாள். "அண்ணனை ஏங்க வரச் சொல்றீங்க? எனக்குக் கத்தி மேல பயம்னா நினைச்சீங்க?" என்றாள். "அந்த ஆபரேஷன் மேஜையிலேயே நான் போயிட்டா, அடுத்த வியாழக்கிழமை நீங்க கூட்டத்துக்குப் போவீங்களா? மாட்டீங்க. உங்களை இப்படியே விட்டுட்டு நான் எப்படிப் போறது? ரெண்டு பேரும் உயிரோட இருக்கும்போதே ஆண்டவர் வந்துட்டா, உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டாவது போயிடலாம்னு பார்த்தேன்."

எனக்கு எதற்கும் ஒரு கேலி வாயில் வந்துவிடும். அப்போது வரவில்லை. அங்கேயே முட்டி போட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "உம்மை எனக்குச் சரியாத் தெரியாது ஆண்டவரே, இவளுக்குத் தெரியும். இவ சொல்லிக் கொடுக்கட்டும். அதுக்குக் கொஞ்சம் நாள் கொடும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் அழுதுகொண்டே "ஆமென்" என்றாள். எழுந்துபோய் அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். வருகிற புதன்கிழமை ஆபரேஷன்.

அதனால் மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். அவளை யாரும் மிரட்ட வேண்டாம், தைரியமும் சொல்ல வேண்டாம், அவளிடம் நிறையவே இருக்கிறது. அவளை உள்ளே கொண்டுபோனதும் கதவைச் சாத்திவிடுவார்களாம். வெளியில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் என்னால் தனியாக உட்கார முடியாது. எனக்காக வாங்க மச்சான்.