தங்கள் கோழிகள் மிக நலம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் மரியாதை. தாங்கள் நலம் என்பது நேற்று மருத்துவமனையில் தாங்கள் சிரித்த சிரிப்பிலிருந்து நான்காம் மாடி வரைக்கும் தெரிந்துவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் நலம். என் மனைவி நலமாக இல்லை. தங்கள் பண்ணையின் பன்னிரண்டாயிரம் கோழிகளும் ஒரு தும்மல்கூட இல்லாமல் மிக நலமாக இருப்பதாக அறிகிறேன். இக்கடிதம் அந்தக் கடைசி நலத்தைப் பற்றியது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். குறுக்கே பேச முடியாத இடத்தில் தங்களோடு உரையாடும் வாய்ப்பு எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் வீட்டுக்கு வந்தோம். தாங்கள் அன்பை முட்டைக் கணக்கில் காட்டுகிறவர். அரைவேக்காட்டு முட்டை, மஞ்சள் கரு தட்டில் ஓடுகிறது, என் மனைவியோ சர்க்கரை நோயாளி, ஒன்றோடு எழப் பார்த்தாள். "ஒண்ணோட எந்திரிச்சா என்னை அடிச்ச மாதிரி தங்கச்சி. நம்ம பண்ணை முட்டை, மருந்து மாதிரி!" என்றீர்கள். அந்த உவமை எவ்வளவு துல்லியமானது என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் மூன்று சாப்பிட்டாள். பிறகு ஷெட்டைச் சுற்றிக் காட்டினீர்கள். தீவனத்துக்கு அருகில் இருந்த நீல மூட்டை என்ன என்று கேட்டேன். "அது டானிக் சம்பந்தி. தினம் தீவனத்துல கலந்துடுவோம். நோய் வந்த பிறகு மருந்து குடுக்கறவன் முட்டாள், வர்றதுக்கு முன்னாடியே குடுக்கறவன் நான்" என்று சொல்லிவிட்டு, தங்களுக்குத் தொண்டை கட்டினாலும் அதில்தான் ஒரு சிட்டிகை என்றும் தெரிவித்தீர்கள். "கோழிக்குச் சேர்றது எனக்குச் சேராதா?" தங்களுக்கும் கோழிக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி அன்று நான் கருத்துச் சொல்லவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை.

மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. நான்காம் நாள் நடக்க முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்து, ட்ரிப்ஸில் முதல் மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் நூற்று மூன்றிலேயே நின்றது. இரண்டாவது மருந்துக்கு மாற்றினார்கள். காய்ச்சல் அதையும் பொருட்படுத்தவில்லை. இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்து ஒவ்வொரு மருந்தாக அதன்மேல் வைத்துப் பார்த்த அறிக்கை அப்புறம்தான் வந்தது. ஆறு மருந்துகளின் பெயர்கள்; ஐந்துக்கு நேரே 'எதிர்ப்பு' என்று இருந்தது. டாக்டர் என் மகளைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார். "சார், இந்தக் கிருமி இதையெல்லாம் ஏற்கெனவே நல்லா பாத்துப் பழகியிருக்கு. எங்கேயோ வருஷக்கணக்கா தினமும் மருந்து சாப்பிட்டே வளந்திருக்கு." ஆறாவது மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், ஆனாலும் கொடுத்தாக வேண்டும் என்றார். "அதுக்கும் கேக்கலைன்னா?" என்று கேட்டேன். "கேக்கணும் சார்" என்றார். மருத்துவத்தில் அதற்கு மேல் வாக்கியம் இல்லை போலும்.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கிருமி வளர்த்து மருந்து வைத்துப் பார்க்கும் இதே வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் தங்களுக்கு ஒன்று விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். நோயில்லாத கோழிக்குத் தினமும் கொஞ்சமாக மருந்து கொடுத்தால் அதன் வயிற்றிலுள்ள கிருமிகளில் சொத்தையானவை சாகும். தாக்குப்பிடிப்பவை மிஞ்சும். மிஞ்சியவற்றுக்குப் போட்டிக்கு ஆளில்லை, இடமும் தீவனமும் தாராளம். அவை பெருகும், எச்சத்தில் போகும், முட்டை ஓட்டில் ஒட்டும், வேலையாட்களின் கையோடு வீட்டுக்குப் போகும், கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும், வழியில் சந்திக்கும் வேறு கிருமிகளுக்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கும். தாங்கள் பன்னிரண்டாயிரம் கோழிகளை வளர்ப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். தாங்கள் வளர்ப்பது வேறு ஒன்றை. கோழி அதற்குத் தாங்கள் கட்டிக்கொடுத்த வீடு.

நேற்று தாங்கள் நோயாளியைப் பார்க்க வந்தபோது இரண்டு ட்ரே முட்டைகளோடு வந்தீர்கள். ஒன்று தங்கச்சி தெம்பாவதற்கு, ஒன்று டாக்டருக்கு. டாக்டர் ட்ரேயைத் தொடாமல், "தீவனத்துல என்ன மருந்து சார் கலக்கறீங்க?" என்று கேட்டார்.

"மருந்தே கிடையாது டாக்டரம்மா. டானிக்தான். நீல மூட்டை."

"நீல மூட்டைக்குப் பேர் இருக்கும்ல?"

"மூட்டையில எழுதியிருக்கும். கோழி படிக்காது, நானும் படிச்சதில்ல!" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த நான்காம் மாடிச் சிரிப்பு.

அந்தச் சத்தத்தில் என் மனைவி கண்விழித்தாள். உதடு வெடித்திருந்தது. "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று தங்களைக் கேட்டாள். தாங்கள் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. பொண்ணு அந்த வீட்ல வாழறா" என்றாள். அவள் பேச்சை நான் தட்டியதில்லை. சொல்லத்தானே வேண்டாம் என்றாள், ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியவை நான்கு. நீல மூட்டையை இன்றே நிறுத்துங்கள். நோய் வந்த கோழிக்குக் கால்நடை மருத்துவர் பார்த்து மருந்து எழுதட்டும். சுகாதார அதிகாரியை நான் அழைப்பதற்கு முன் தாங்களே அழையுங்கள். அதன் பிறகு என் மனைவியின் கட்டிலருகே வந்து, சிரிக்காமல், மன்னிப்புக் கேளுங்கள். இதனால் நம் உறவு கசக்குமானால் கசக்கட்டும். ஓர் உயிரை ஆறாவது மருந்தில் தொங்கவிட்டுவிட்டு இனிப்பாகப் பேசிக்கொண்டிருக்க எனக்குத் தெரியவில்லை.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் இருவருக்கும் என் ஆசிகள். தாங்கள் நீண்ட ஆயுளோடும் தெளிந்த அறிவோடும் வாழ வேண்டும். முன்னது தங்களுக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளின் கல்யாணம் பேசி முடித்த மாதத்தில், தங்கள் பண்ணை முட்டைகள் என் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தன. இதே கிருமி அவற்றில் இருந்தது. எந்தெந்த மருந்துக்கு அது சாகவில்லை என்ற பட்டியலையும் நானே தயாரித்தேன். பட்டியலை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, அறிக்கையில் 'திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கல்யாணம் முடியட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கல்யாணம் முடிந்தது. பக்குவம் வரவில்லை. அவளைச் சேர்த்த அன்று டாக்டர் முதல் மருந்தின் பெயரைச் சொன்னார். என் பட்டியலில் முதல் பெயர் அது. தலையாட்டினேன். இரண்டாவது மருந்துக்கும் தலையாட்டினேன். அறிக்கை வரும்வரை இரண்டரை நாள் அவள் கேட்காத மருந்தில் கிடந்தாள், நான் வாய் திறந்திருந்தால் கிடந்திருக்க மாட்டாள். பட்டியலின் நகலை இன்று காலை டாக்டரிடம் கொடுத்தேன். சுகாதார அதிகாரிக்கும் அனுப்பிவிட்டேன். மேலே தங்களைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அவற்றைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்பதைத்தான் எழுதாமல் விட்டிருந்தேன். காய்ச்சல் இன்று நூறுக்கு இறங்கியிருக்கிறது. அவளால் உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்க முடிகிறது. பார்வை நேரம் நான்கு மணிக்குத் தொடங்குகிறது. தாங்கள் ஐந்து மணிக்கு வாருங்கள். முதலில் நான் போக வேண்டும்.