கேட் தாண்டாத மயில்கழுத்து நூல்

"மேடம், எம்.டி. சாரை கேட்டுல நிறுத்தி வச்சிருக்காங்க. ஜல்தி வாங்க!"

ரிசப்ஷனிஸ்ட் அன்புச்செல்வி மூச்சிரைக்க வந்து சொன்னதும் சிவசங்கரி காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ஆரணிக்கு வெளியே இருநூறு பேர் வேலை செய்யும் பட்டுநூல் சாய ஆலை அது. அங்கே விதிமுறைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பது சிவசங்கரியின் வேலை. ஆறு மாதமாக நூல் கண்டு கண்டாகக் காணாமல் போய்க்கொண்டிருந்ததால், உட்கார்ந்து நாற்பது பக்கத்துக்கு ஒரு விதிப்புத்தகம் எழுதியிருந்தாள். திங்கட்கிழமை முதல் அமல். கேட்டில் ஒரு பிரதியைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். ஒருவரும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. யாரோ தொட்டிருக்கிறார்கள்.

கேட்டில் காருக்குள் எம்.டி. லோகநாதன் சிவந்து போயிருந்தார். ஜன்னலோரம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள், தடித்த மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, விதிப்புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றி நாலு நாள்தான் ஆகிறது. யூனிஃபார்ம் தைத்து வரவில்லை, முகங்களும் பழகவில்லை.

"சங்கரி, வேலூர்ல பரிமளா மேடம் காத்துகினு இருக்காங்க. ஒரு வருஷ ஆர்டர். மயில்கழுத்து கலர் சாம்பிளைக் காட்டணும். பன்னெண்டு மணிக்குக் காட்பாடியில ரயில் ஏறிடுவாங்க. இந்த ஆளு விடமாட்டேங்கறான்!"

"விடக் கூடாதுன்னு இல்லீங்க. நூல் வெளிய போவணும்னா ரெண்டு கையெழுத்து வேணும். எடுத்துகினு போறவங்க அதுல ஒருத்தரா இருக்கக் கூடாது. மூணாம் பக்கம்" என்றார் அந்த ஆள் பணிவாக.

சிவசங்கரி சட்டென்று தன் கார்டைக் காட்டி ஒரு கையெழுத்தைப் போட்டாள்.

"இன்னொண்ணு ஸ்டோர் மேனேஜர் போடணும்ங்க."

ஸ்டோர் மேனேஜர் தமிழ்செல்வன் மகளுக்குக் காது குத்த கலசப்பாக்கம் போயிருந்தார். போன் போட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவே, "கையெழுத்து போட்டு வாட்ஸப்ல அனுப்பறேன் மேடம்" என்று கத்தினார்.

"போன்ல வர்ற கையெழுத்து செல்லாதுங்க. பதினோராம் பக்கம்."

எழுதியவள் அவள்தான். மறுக்க முடியுமா?

"ஸ்டோர் மேனேஜர் லீவுன்னா எம்.டி. போடலாம். பன்னெண்டாம் பக்கம்" என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "நூலை டிரைவர் எடுத்துட்டுப் போகட்டும். சார் இறங்கிக் கையெழுத்துப் போடட்டும்."

லோகநாதன் இறங்கினார். அந்த ஆள் டிரைவர் தீனாவிடம் கையை நீட்டினார்.

"கார்டுங்க."

"நேத்து போட்ட சட்டையில கீதுப்பா."

"அப்ப கார்டு வீட்லேர்ந்து வர்ற வரைக்கும் கேட் ரூம்ல உக்காருங்க. கையெழுத்துப் போடறவரும் கார்டு காட்டணும். சார், உங்களுது?"

"கம்பெனியே என்னுதுய்யா! எனக்கு எதுக்குக் கார்டு?"

"அப்ப நீங்களும் உக்காருங்க சார். ஃபேன் இருக்குது."

"இன்னா சார் இது பேஜாரு" என்று முனகியபடி தீனா உள்ளே போய்ப் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். எம்.டி. அவனருகே உட்கார்ந்தார்.

சிவசங்கரி அன்புச்செல்வியை விரட்டினாள். "ஓடு, சாருக்கு ஒரு கார்டு அடிச்சிட்டு வா."

ஓடியவள் வெறுங்கையோடு திரும்பினாள். "மேடம், புதுக் கார்டு அடிக்க எம்.டி. கையெழுத்து வேணுமாம். அவர்தான் எம்.டி.ன்னு காட்ட கார்டு வேணுமாம்."

லோகநாதன் குரலைத் தணித்து அந்த ஆளைக் கூப்பிட்டார். "இங்க பாருப்பா. என்னை விடு. நாளைக்கே உன்னை சூப்பர்வைசர் ஆக்கறேன்."

அந்த ஆள் கேட் நோட்டைத் திறந்து நிதானமாக எதையோ எழுதினார். சிவசங்கரிக்கு உள்ளுக்குள் சிலிர்த்தது. இப்படிப்பட்ட ஆளுக்காகத்தானே அத்தனை பக்கம் எழுதினாள்!

"சங்கரி, நீ எழுதின புத்தகம். இன்னிக்கு ஒரு நாள் மூடி வையேன்" என்றார் எம்.டி. இப்போது கெஞ்சலாகவே.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்தைந்து. ஆர்டர் போனால் முதல் அடி சாயத் தொட்டியில் நிற்பவர்களுக்குத்தான். ஆனாலும் வாய் வேறு சொன்னது.

"நேத்து கார்டு மறந்துட்டாங்கன்னு சாயத் தொட்டி ராஜம்மாக்காவை நானே திருப்பி அனுப்பினேன் சார். பெரணமல்லூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தவங்க. அவங்களுக்கு மூடாத புத்தகத்தை உங்களுக்கு எப்படி சார் மூடறது?"

லோகநாதன் தன் போனை அவளிடம் நீட்டினார். "சரி. பரிமளா மேடத்துக்கு நீயே போன் பண்ணு. உள்ளதைச் சொல்லு" என்றார்.

உள்ளதைச் சொன்னாள். மறுமுனையில் வெடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. "அந்தக் கேட்டை நான் பார்த்தே ஆகணும். சாயந்திர ரயில்ல போய்க்கறேன்."

பன்னிரண்டு மணிக்குப் பரிமளாவின் கார் வந்தது. அவள் பையையும் அந்த ஆள் சோதித்தார். தண்ணீர் பாட்டில் உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட நோட்டை வாங்கியவள் மேல்வரியைச் சத்தமாகப் படித்தாள்.

"மணி 10.52. எம்.டி. என்று சொல்லிக்கொண்டவர் பதவி உயர்வு தருவதாக ஆசை காட்டினார். மறுக்கப்பட்டது."

கேட் ரூம் ஜன்னல் வெளிச்சத்தில் நூலைப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கலர் பிரமாதம். அதைவிட உங்க கேட் பிரமாதம். பத்து ஆலையில நூல் வாங்கறேன் சார். முதலாளியையே உக்கார வச்ச கேட்டை எங்கயும் பார்த்ததில்ல. ஆர்டர் உங்களுக்குத்தான்."

லோகநாதன் எழுந்தார். காலையிலிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த ஆளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கம்பெனிக்கே நீதான்யா மானம்! உன் பேரு இன்னா?"

"குணா சார். அது வந்து..." என்று அந்த ஆள் நெளிந்தார்.

அந்த நேரம் பார்த்து, செக்யூரிட்டி தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். காரையோ கூட்டத்தையோ அவர் கவனிக்கவில்லை.

"ரொம்ப தேங்க்ஸ் தம்பி! பத்து நிமிஷம் கேட்டைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனவன் பஞ்சர் கடையில மாட்டிகினேன். ஆமா, வேலை கேட்டு வந்தியே, உன்னை இன்னும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடலையா?"