நான்காம் எண் அறை

“கரையான் அரிச்சிருச்சுங்க. மாடியே இல்ல இப்ப” என்றாள் தொலைபேசியில் விடுதிக்காரப் பெண்.

மொசேசே ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். “மாடி முழுசுமா? போன மாசம் எங்க தபால்காரர் அங்கதானே தங்கிட்டு வந்தார்?”

“அவர் போனதுக்கு அப்புறம்தான் அரிச்சுது.”

“ஒரே மாசத்துலயா?”

“நல்ல பசி போலிருக்குங்க அதுங்களுக்கு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மொசேசே பங்காய் என்ற தீவூரில் முப்பத்தாறு வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவன் பொய் சொன்னால் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார் என்று ஊரில் பெயர். கரையான் விஷயத்தில் ஏதோ இடித்தது. ஆனால் யோசிக்க நேரமில்லை. திங்கட்கிழமை மாலை கப்பல். செவ்வாய் காலை தலைநகர் நுக்குஅலோஃபா. வியாழக்கிழமை அவர் மனைவி லவீனியா ஆக்லாந்துக்கு விமானம் ஏறுகிறாள். மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். ஆறு மாதம் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மொசேசே போக முடியாது. ஆறு பன்றிகளும், ஞாயிறு தவறாமல் அடிக்கவேண்டிய தேவாலய மணியும் அவரை விடவில்லை.

கல்யாணமாகி நாற்பது வருடத்தில் இரண்டு பேரும் ஒரு நாள்கூடப் பிரிந்திருந்ததில்லை. இப்போது மொத்தமாக ஆறு மாதம். அதற்கு முன் கையில் இருப்பது தலைநகரில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எங்கே தங்குவது என்பதில் மொசேசேவுக்குச் சந்தேகமே இல்லை. தேவாலயத்துக்குப் பின்சந்தில், சிவப்புக் கதவு விடுதியில், மாடியில் நான்காம் எண் அறை. கல்யாணமான கையோடு அவர்கள் தங்கிய அறை.

“அந்த ஓட்டை வீடா?” என்றாள் லவீனியா, துணியை மடித்துக்கொண்டே. “அங்க என்ன இருக்கு வாத்தியாரே? கொசுதான் இருக்கும். கடற்கரையில பெரிய ஓட்டல் இருக்கு. ஏசி இருக்கு. சோப்புகூட அவங்களே தருவாங்களாம்.”

“சோப்புக்காகவா போறோம்?”

“பின்ன எதுக்குப் போறோம்? விமானம் ஏறத்தானே?”

மொசேசே நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். கரையான் தின்றது போக நான்கு சுவர் மிச்சமிருந்தால் போதும்.

செவ்வாய் விடியற்காலை கப்பல் துறைமுகத்தைத் தொட்டபோது, கரையில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. வேனின் பக்கத்தில் கையசைத்துக்கொண்டு நின்றவள் லவீனியாவின் தங்கை பௌலினி.

“அத்தான்! அக்கா!”

மொசேசே திகைத்துப் போனார். “நாம வர்றது இவளுக்கு எப்படித் தெரியும்?”

“ஊர்ல யாராவது சொல்லியிருப்பாங்க” என்று லவீனியா தூரத்துப் பவளப்பாறையைப் பார்த்தாள்.

பௌலினி அவர்களைக் கட்டிப்பிடித்து அழுது, பெட்டிகளைப் பிடுங்கி, இருவரையும் வேனில் தள்ளிக் கதவைச் சாத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போனால் இருபத்திமூன்று பேர். எல்லோரும் வெளித்தீவுகளிலிருந்து பாட்டுவிழாவுக்கு வந்த உறவுகள். தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப்பொட்டலமும், மலைபோலக் குவித்த கருணைக்கிழங்கும் காத்திருந்தன. மொசேசே சாப்பிடச் சாப்பிட, அவருக்குப் படுக்க ஒதுக்கிய பாயின்மேல் ஒவ்வொரு குழந்தையாக வந்து படுத்துத் தூங்கத் தொடங்கியது.

“இங்கேயே இருங்க அத்தான். ரெண்டு நாள்தானே. அக்கா எங்களோட உள்ளே. நீங்க ஆம்பளைங்களோட வெளியே” என்றாள் பௌலினி.

“நல்லதாப் போச்சு” என்றாள் லவீனியா.

மொசேசே கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார். நாற்பது வருடத்தில் முதல்முறையாக, மைத்துனியிடம் ஒரு பொய் சொன்னார்.

“தங்கலாம்தான் பௌலினி. ஆனா போதகர் சையா எங்களைத் தன் வீட்டுல தங்கச் சொல்லிட்டார். கடவுளோட ஆளு. மறுக்க முடியல.”

பௌலினி கோபித்துக்கொள்வாள், ஒரு மணி நேரம் அழுவாள், பிறகு விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தார். அவள் அழவில்லை. “அடடா, போதகரா! முன்னாலேயே சொல்லக்கூடாதா?” என்று முகம் மலர்ந்து, ஒரு முழுப் பன்றி வறுவலை வாழையிலையில் கட்டி மொசேசேவின் மடியில் வைத்து, தானே வேனை ஓட்டிக்கொண்டு போதகர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

போதகர் சையா ஊர் வழக்கப்படி இடுப்பில் விழாப் பாய் சுற்றிக்கொண்டு எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தார். பதினொரு வயதில் மொசேசேவிடம் பெருக்கல் வாய்ப்பாடு படித்தவர். எழுநான்கு இருபத்தியாறு என்று சொல்லிவிட்டு ஒரு மதியம் முழுவதும் கரும்பலகைக்கு முகத்தைக் காட்டி நின்றவர். இன்றைக்கும் மொசேசேவைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

“போதகரே, நீங்க அத்தானைக் கூப்பிட்டிருக்கீங்களாமே, ரொம்ப சந்தோஷம்!” என்றாள் பௌலினி.

சையா மொசேசேவைப் பார்த்தார். மொசேசே அவரைப் பார்த்தார். அது வகுப்பறைப் பார்வை.

“ஆமாமா” என்றார் போதகர். “நான்தான் கூப்பிட்டேன். போன... போன வாரமே கூப்பிட்டேன்.”

பௌலினி போனதும் மொசேசே மெதுவாக, “மன்னிச்சிடு சையா. சும்மா ஒரு நிமிஷம் நின்னுட்டு நாங்க கிளம்பிடுறோம்” என்றார்.

“அது எப்படி சார்? நான் கூப்பிட்டேன்னு வாயால சொல்லிட்டேனே. இப்ப உங்களை அனுப்பினா அது பொய்யாயிடும். நான் ஞாயித்துக்கிழமை பொய்யைப் பத்திதான் பிரசங்கம் பண்ணப்போறேன்.”

உள்ளே மாதர் சங்கத்துப் பெண்கள் பத்துப் பேர் தங்கியிருந்தார்கள். லவீனியா அவர்களோடு. மொசேசே பக்கத்துக் கூடத்தில், பாட்டுக் குழு ஆண்களோடு.

“எனக்கு இந்த மூலை போதும்” என்று லவீனியா உடனே உட்கார்ந்துவிட்டாள்.

“சையா, நான் பயங்கரமாக் குறட்டை விடுவேன்” என்றார் மொசேசே, கடைசி ஆயுதத்தை எடுத்து. “யாரும் தூங்க முடியாது.”

“கவலையே படாதீங்க சார். கட்டைக்குரல்ல பாடுறவங்க எட்டுப் பேர் அங்கதான் படுக்குறாங்க. உங்க குறட்டை உங்களுக்கே கேட்காது.”

மொசேசே அரை மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எட்டுக் கட்டைக்குரல்களும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடின. தரை அதிர்ந்தது. எழுந்தார். மாதர் சங்கத்துக்குள் தலையை நீட்டி, “லவீனியா, பேரப்பிள்ளைங்களுக்கு ஏதாவது வாங்கணும்னியே. வா, சந்தைக்குப் போகலாம்” என்றார்.

“நான் எப்பச் சொன்னேன்?”

“சொன்னே.”

வாசலில் போதகர் எதிர்ப்பட்டார். “சந்தைக்கு எதுக்கு சார் பெட்டி?”

“வாங்குறதை வைக்க.”

“ரெண்டு பெட்டியுமா?”

“இரட்டைக் குழந்தை” என்றார் மொசேசே.

நடுப்பகல் வெயில். ஒரு கையில் பெட்டி, ஒரு தோளில் பேரப்பிள்ளைகளுக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த சுருட்டிய பாய். பின்னால் மற்ற பெட்டியோடு லவீனியா. நாற்பது வருடத்தில் ஊர் நிறைய மாறியிருந்தது. ரொட்டிக் கடை இருந்த மூலையில் கைப்பேசிக் கடை. சைக்கிள் சாய்த்து வைத்த புளியமரத்தடியில் கார்கள். லவீனியாவுக்குத்தான் ஊர் நன்றாகத் தெரியும். பள்ளிப் படிப்பு முடித்தது இங்கேதான்.

“இடது பக்கம்” என்றாள். போனார்கள். மீன்பிடி வலைகள் காயும் முற்றத்தில் பாதை முடிந்தது.

“இல்ல, அந்த வேலியை ஒட்டி நேரா.” போனார்கள். நேராகக் கடல் வந்தது.

“அப்ப வலது பக்கமா இருக்கும்.” வலதுபக்கம் ஒரு பெரிய தாய்ப்பன்றி எட்டுக் குட்டிகளோடு சாலையை அடைத்துப் படுத்திருந்தது.

“லவீனியா, கண்ணைக் கட்டிவிட்டாக்கூட இந்த ஊர்ல நீ வழி சொல்லுவியே!”

“வயசாகுதில்ல? பேசாம அந்தப் பெரிய ஓட்டலுக்கே போயிடலாம் வாத்தியாரே. இங்கேயிருந்து தெரியுது பாருங்க.”

மொசேசே பெட்டியைக் கீழே வைத்தார். காலையிலிருந்து நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

“உனக்குப் போறதுல ரொம்ப சந்தோஷம் போலிருக்கு.”

“ஆமா. பின்ன, உக்காந்து அழணுமா?” என்றாள் அவள், அவரைப் பார்க்காமல்.

மொசேசே பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டார். அவர் தேவாலயக் கூரையை மட்டும் குறிவைத்து நடந்தார். அதன் பின்சந்தில் திரும்பியதும் நின்றார்.

சிவப்புக் கதவு. புதுச் சாயம், ஆனால் அதே கதவு. தலையை அண்ணாந்தார். மாடி இருந்தது. ஜன்னல், கைப்பிடி, தகரக் கூரை எல்லாம் முழுசாக இருந்தன. கரையான் ஒரு வாய்கூடக் கடிக்கவில்லை.

உள்ளே மேசைக்குப் பின்னால் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், முலாம்பழம் சீவிக்கொண்டிருந்தாள்.

“பங்காய்லேருந்து வர்றேன். மொசேசே. நாலாம் நம்பர் அறை வேணும்.”

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் பார்த்தாள். லவீனியா கூரையில் ஓடிய பல்லியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அறை இல்லீங்க. எல்லாம் நிரம்பிருச்சு.”

“அங்கே பதினோரு சாவி தொங்குதே?”

அந்தப் பெண் திரும்பிச் சாவிகளைப் பார்த்தாள், முதல்முறையாகப் பார்ப்பதுபோல. “அதெல்லாம்... அழகுக்குங்க.”

வேறொரு நாளாக இருந்தால் மொசேசே அவளைக் கரும்பலகைப் பக்கம் திருப்பி நிறுத்தியிருப்பார். இன்று தெம்பில்லை. பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார்.

“இந்தா பாரும்மா. வியாழக்கிழமை இவ போயிடுவா. நான் தனியாத் திரும்பிப் போகணும். வீட்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் இவ இல்லாத இடம்தான் தெரியும். நான் சண்டைக்கு வரல. அந்த ஜன்னல் பக்கத்துல ரெண்டு பேரும் ஒரு தடவை நின்னுட்டா, அதை வச்சு ஆறு மாசத்தை ஓட்டிடுவேன். படுக்கக்கூட வேணாம்.”

அந்தப் பெண் முலாம்பழத்தைத் தள்ளிவைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு நான்காவது ஆணியிலிருந்து சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

லவீனியா மட்டும் நகரவில்லை. “நான் கீழேயே இருக்கேன். படி ஏறினா முழங்கால் வலிக்கும்” என்றாள். மொசேசே அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினார். படியில் அவள் ஒருமுறைகூட முழங்காலைத் தொடவில்லை.

அறை சின்னதாகிவிட்டிருந்தது. அல்லது அவர்கள் பெருத்துவிட்டிருந்தார்கள். ஆனால் ஜன்னல் அதேதான். அதன் வழியே ஈரப்பலா மரமும், அதற்கப்பால் துறைமுகத்தின் ஒரு துண்டும் தெரிந்தன. மொசேசே ஜன்னல் கைப்பிடியைத் தடவினார். லவீனியா கட்டிலில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

குளியல் துண்டுகளோடு பின்னாலேயே வந்த அந்த விடுதிப் பெண்ணிடம் மொசேசே சொல்லத் தொடங்கினார். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது.

“எங்க கல்யாணம் பெரியவங்க பேசி முடிச்சது. ரெண்டு பேரும் பத்து வார்த்தைகூடப் பேசினதில்ல. மறுநாளே ஊருக்குக் கப்பல். புயல் வந்து கப்பல் நின்னுபோச்சு. மூணு நாள் இந்த அறையில அடைஞ்சு கிடந்தோம். ஒரு டப்பா மாட்டிறைச்சி, ரெண்டு ரொட்டி. முதல் நாள் இவ சுவத்தைப் பார்த்து உக்காந்திருந்தா. ரெண்டாம் நாள் கூரை ஒழுகி என் தலையிலேயே ஊத்துச்சு. அப்பத்தான் சிரிச்சா. அப்புறம் பேச ஆரம்பிச்சவ நிறுத்தவே இல்ல. நாலாம் நாள் மழை விட்டுது. கப்பல் வந்து ஊதுச்சு. இதோ, இந்த ஜன்னல்லதான் நின்னு பார்த்துக்கிட்டிருந்தோம். மூணு தடவை ஊதுச்சு.”

“ஏறிட்டீங்களா?”

“ஏறல. ஒரு வாரம் கழிச்சு அடுத்த கப்பல்லதான் போனோம். எனக்கு வேலைக்கே உலை வைக்கப் பார்த்துச்சு அந்த ஒரு வாரம்.” மொசேசே சிரித்தார். “‘இன்னும் ஒரு நாள் இருக்கலாமா’ன்னு முதல்ல கேட்டது நான் இல்ல. இவதான்.”

கட்டிலில் இருந்த முதுகு குலுங்கியது.

“வீக்கா, துண்டை வச்சிட்டுப் போம்மா நீ” என்றாள் லவீனியா, திரும்பாமல், கரகரத்த குரலில்.

மொசேசே நிமிர்ந்தார். முப்பத்தாறு வருட ஆசிரியர் விழித்துக்கொண்டார். அந்தப் பெண் தன் பெயரை இதுவரை சொல்லவே இல்லை.

“உனக்கு எப்படி இவ பேர் தெரியும்?”

லவீனியா முகத்தைப் பாவாடை நுனியால் மூடிக்கொண்டாள். வீக்கா துண்டுகளைக் கட்டில்மேல் வைத்தாள். அவளைப் பார்த்து இரக்கத்தோடு கேட்டாள்:

“‘அந்த அறைக்குள்ள ஒரு தடவை காலை வச்சேன்னா நான் விமானம் ஏறவே மாட்டேன், எதையாவது சொல்லி அவரை வாசலோட திருப்பி அனுப்பிடு’ன்னு நாலு தடவை போன் பண்ணிக் கெஞ்சினீங்களேம்மா... இப்ப என்ன செய்யட்டும், டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லி நானே போன் போட்டுடவா?”