கவர்னர் மடியில் கரைந்த கோப்பை

விருத்தாசலத்தில் பிறந்தவனுக்குப் பீங்கானைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு நான் வைத்திருந்தது எலக்ட்ரிக்கல் கடை. பீங்கான் ஃப்யூஸ் கேரியர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். (அப்படிக் கொடுத்ததைப் பலர் திருப்பிக் கொண்டுவந்ததும் உண்டு.)

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனேன். அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது. சட்டையில் சங்கத்தின் பின்னைக் குத்திக்கொண்டுதான் ரேஷன் கடைக்குக்கூடப் போவேன். "தூங்கும்போதாவது அதக் கழட்டி வையுங்க, மேல குத்துது" என்பாள் என் மனைவி சரோஜா.

அந்த வருடம் சங்கத்தால் ஒரே ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும். சங்கத் தலைவர் கலியபெருமாள் அரிசி மண்டிக்காரர். ஊர் எல்லையில் வரவேற்பு வளைவு கட்டலாம் என்றார். வளைவின் நெற்றியில் அவர் பெயர் இருக்குமாம். நான் சமுதாயக் கல்லூரிக்கு ஓர் உலை வாங்கிக் கொடுக்கலாம் என்றேன். படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் அங்கே பீங்கான் வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள். மண் இருந்தது, சக்கரம் இருந்தது, செய்ததைச் சுட உலை மட்டும் இல்லை. காய்ந்த கோப்பைகளை வைக்கோலில் பொதிந்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, ஊரின் பீங்கான் தொழிற்பேட்டையில் யாரிடமாவது கெஞ்சிச் சுட்டு வாங்கி வருவார்கள். பாதியை எங்கள் ஊர் வேகத்தடைகளே விழுங்கிவிடும்.

அந்தப் பெண்கள் பாவம் என்றுதான் முதலில் பேசினேன். பிறகு தலைவரை ஜெயிக்க வேண்டும் என்ற வெறியும் சேர்ந்துகொண்டது. பீங்கான் பிரிவு ஆசிரியை ஸ்டெல்லா மேடத்திடம், "உலை வந்துடுச்சின்னே வெச்சிக்குங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முடிவு சொல்ல வேண்டியவர் எங்கள் சங்கத்தின் மாவட்ட கவர்னர். (ராஜ்பவன் கவர்னர் இல்லை. ஆனால் எங்கள் பவ்யத்தைப் பார்த்தால் அவரே இவர்தான் என்று தோன்றும்.) அவர் கல்லூரியை நேரில் பார்த்துவிட்டு உலையா வளைவா என்று சொல்வதாக ஏற்பாடு.

வழிகாட்ட நான் வேப்பூர் கூட்டுரோட்டிலேயே போய் நின்று அவர் காரில் ஏறிக்கொண்டேன். தும்பைப்பூ நிறத்தில் சஃபாரி சூட் போட்டிருந்தார். விருத்தாசலம் வரும் வரை பீங்கானைப் பற்றி அவருக்கு நான் பாடம் நடத்தினேன். "நல்ல பீங்கானுக்கு ஒரே பரீட்சைதான் சார். விரலால தட்டிப் பாக்கணும். மணி மாதிரி சத்தம் வந்தா அசல்."

"அப்படிங்களா" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பாடத்தைக் கேட்காமல் அவர் தூங்கியிருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

கல்லூரியில் ஸ்டெல்லா மேடமும் மாணவிகளும் கவர்னரைத் தையல் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். டீ என் பொறுப்பு. போய்ப் பார்த்தால் டீக்கடைக்காரர் டீ டிரம்மோடு ஒரு கட்டு பிளாஸ்டிக் கப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீங்கான் ஊரில், பீங்கான் கல்லூரியில், கவர்னருக்கு பிளாஸ்டிக் கப்பா?

பக்கத்து அறைக்குள் நுழைந்தேன். மர அலமாரியில் முப்பது கோப்பைகள், பிடி வைத்து, வெள்ளை வெளேரென்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேலே சாக்பீஸில் 'தொடக் கூடாது' என்று எழுதியிருந்தது. அது மாணவிகளுக்கு, நான் செயலாளர் என்று முடிவு செய்தேன். சுட்டு வந்த கோப்பைகள்தான் என்பதையும் நானே முடிவு செய்தேன். எடுத்தால் கையில் வெள்ளையாக மாவு ஒட்டியது. தூசி என்று நினைத்துக் கைக்குட்டையால் ஒவ்வொன்றையும் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மாவு வந்துகொண்டே இருந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? 'பெண் பிள்ளைகள் ஒரு அலமாரியைத் துடைக்க மாட்டார்களா' என்று சலித்துக்கொண்டேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லார் கையிலும் டீ வந்த பிறகுதான் தலைவர் வரவேற்புரையைத் தொடங்குவார். உரை முடிந்து அவர் மணியடித்த பிறகுதான் முதல் வாய் குடிக்கலாம். கலியபெருமாள் எதையும் சுருக்கமாகச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. சூடான டீ எப்படி இருக்கும் என்பதே எங்கள் உறுப்பினர்களுக்கு மறந்துபோயிருந்தது.

கூட்டம் கூடியது. பின்வரிசையில் மாணவிகள் உட்கார்ந்தார்கள். அந்தக் கோப்பைகளில் டீயை ஊற்றி, நானே தட்டேந்தி, எல்லாருக்கும் வேகவேகமாகக் கொடுத்து முடித்தேன். கவர்னருக்குக் கொடுத்ததும் அவர் ஆசையாகக் கோப்பையை விரலால் தட்டினார். 'தொப்' என்றது.

"என்னங்க, மணிச் சத்தம் வரலியே?"

"இது புது மாடல் சார். சத்தம் வராது" என்றேன். வாய்க்கு வந்த பொய். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஃபேன் ஓடாவிட்டால் 'புது மாடல்' என்றுதான் சொல்வார்கள்.

தலைவர் தொடங்கினார். ஊர் என்றால் அதற்கு ஒரு வாசல் வேண்டும் என்று வளைவுக்கு அவர் அடிக்கல் நாட்டிக்கொண்டிருந்தபோது, பொருளாளரின் கோப்பைப் பிடி தனியாக அவர் விரலோடு வந்துவிட்டது. பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். அடுத்தவர் வேட்டியில் சொட்டியது. கவர்னர் குனிந்து பார்ப்பதற்கும் கோப்பையின் அடிப்பாகம் கழன்று விழுவதற்கும் சரியாக இருந்தது. அத்தனை டீயும் களிமண் குழம்பாக அந்த வெள்ளை சஃபாரியின் மடியில் இறங்கியது. ஆறப்போட்டிருந்ததால் சுடவில்லை. தலைவரின் நீண்ட உரையால் சங்கத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

அறை முழுக்க எழுந்து நின்றது. உலை போயிற்று, கொடுத்த வாக்கு போயிற்று. தலைவர் முகத்தில் வளைவே எழும்பி நின்றது.

"அய்யோ, மாசி மகத்துக்கு வெச்சிருந்த கோப்பைங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தேவகி. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மாசி மகத் திருவிழாவில் கடை போட ஒரு மாதமாக அவர்கள் செய்து காயவைத்த கோப்பைகள் அவை. அன்று நான் வெட்கப்பட்ட மாதிரி வாழ்க்கையில் வெட்கப்பட்டதில்லை.

"தப்பு என்னோடது சார். இவங்க யாரையும் கேக்காம நானா எடுத்துட்டேன்" என்றேன்.

கவர்னர் மடியிலிருந்த மண்ணை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டே தேவகியைப் பார்த்தார். "ஏம்மா இப்படிக் கரையுது?"

"சுடாத கோப்பைங்க சார். நாங்க என்ன செஞ்சாலும் இப்படித்தான் நிக்குது. சுடறதுக்கு இங்க உலை இல்ல. ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனா பாதி வழியிலயே போயிடுது. இந்தத் தடவ வூட்ல இருந்து பழைய துணியெல்லாம் கொண்டாந்து வெச்சிருந்தோம், சுத்தி எடுத்துக்கிட்டுப் போலாம்னு. அதுக்குள்ள சார் டீ ஊத்திட்டாரு."

முதலில் சிரித்தவர் கவர்னர்தான். மடியில் சேறோடு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கேட்டார்: "கலியபெருமாள், உங்க வளைவுல டீ ஊத்திக் குடிக்க முடியுங்களா?"

"முடியாதுங்க" என்றார் தலைவர், பாவம்.

"அப்ப உலையே வாங்கிடுங்க."

மாணவிகள் கைதட்டிய தட்டலில் பக்கத்து வகுப்பெல்லாம் ஓடிவந்தது. நான் செயலாளர் என்பதையும் மறந்து ஸ்டெல்லா மேடத்தைப் பார்த்து ஒரு குதி குதித்தேன். ஜெயித்துவிட்டேன், அதுவும் என் புத்திசாலித்தனத்தின் உதவி கொஞ்சமும் இல்லாமல்.

தேவகி மட்டும் விடவில்லை. "சார், சுடாத மண்ணு வீணாப் போவாது. ஊற வெச்சா திரும்பவும் செய்யலாம். பெசையத்தான் ஆள் வேணும்" என்றாள். அடுத்த ஒரு வாரம் கடையை மதியமே சாத்திவிட்டு, கல்லூரியில் மண் பிசைந்தேன். இரண்டாம் நாள் கலியபெருமாளும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். அரிசி மூட்டை தூக்கிய கை அல்லவா, என்னைவிட நன்றாகவே பிசைந்தார். மாசி மகத்துக்குள் உலை வந்தது, முப்பது கோப்பையும் அதிலேயே வெந்தன. ஒன்றைக் கவர்னருக்கு அனுப்பினோம். 'பழைய மாடல்தான் நன்றாக இருக்கிறது. மணியடிக்கிறது' என்று பதில் எழுதினார்.

அன்று பிடித்த பழக்கம், எங்கே டீ கொடுத்தாலும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். பெண்ணாடத்தில் மகளுக்கு வரன் பேசப் போன இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை. நடுக் கூடத்தில், பத்துப் பேர் பார்க்க, தட்டிவிட்டேன். கணீரென்று கேட்டது. சம்பந்தியம்மா முகம் மாறியது. சரோஜா சட்டென்று முந்திக்கொண்டு கதை முழுவதையும் சொல்லிவிட்டாள், நான் குதித்த குதி உட்பட.

கேட்டுச் சிரித்து முடித்த சம்பந்தியம்மா, காலிக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் அந்தக் கல்லூரியின் முத்திரை. "மாசி மகத்துல வாங்கினதுங்க" என்றார்.

நான் கோப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பாத்துக்கிட்டே இருக்காதீங்க" என்றாள் சரோஜா. "கரையறதுக்குள்ள குடிங்க."