என் நெஞ்சு போடும் தாளம்

அன்புள்ள தங்கை நெதியால்காவுக்கு, ரஸ்லோக்கிலிருந்து அண்ணன் ராதோய் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உங்கள் ஆடுகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியமா என்பதில்தான் தகராறு.

உன் மகள் ருமியானா கல்யாணத்துக்கு மேளம் அடிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள். போன வாரம் முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் படபடப்பு நின்றுவிட்டது. டாக்டர் வசிலேவா இசிஜி எடுத்தார். கோடு சாதுவாக ஓடியது. "எப்படி அடிச்சுதுன்னு மேசையில தட்டிக் காட்டுங்க" என்றார். தட்டினேன். குட்டை, குட்டை, நெட்டை. நம் ராச்செனிட்சா ஆட்டத்துக்கு அடிப்பது போலவே. டாக்டர் முகம் மாறிவிட்டது. "தாறுமாறா அடிக்குதே. ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடும். மேளத்தைத் தூக்கவே கூடாது" என்று படுக்கையில் சேர்த்துவிட்டார். "தாறுமாறா? ரெண்டு, ரெண்டு, மூணு, மொத்தம் ஏழு எண்ணிக்கைம்மா, ஒண்ணுகூடப் பிசகல" என்றேன். கேட்டால்தானே.

மறுநாள் தயிர் சாப்பிடும்போது மறுபடி வந்தது. ஒயர்களை மாட்டினார்கள். காகிதம் நீளமாக வெளியே வர, டாக்டர் கவராயத்தால் முனைக்கு முனை அளந்தார். எனக்கும் ஆசை தாங்காமல் எட்டிப் பார்த்தேன். எல்லா இடைவெளியும் ஒரே அளவு. டாக்டர் சிரித்துவிட்டார். "ஒரே சீரா அடிக்கிறதை உங்களுக்குத் தட்டத் தெரியல. கை தானா ஆட்டத்துக்குப் போயிடுது. இது பயப்படுற வகை இல்ல. மூச்சைப் பிடிச்சு முக்குங்க, நின்னுடும்." முக்கினேன், நின்றது. காகிதத்தில் கோடும் நிதானமானது. "மாத்திரை போட்டுக்கிட்டா மேளமும் அடிக்கலாம்" என்றார்.

எனக்கோ மானமே போய்விட்டது. ஆயுசு முழுக்க ஏழும் ஒன்பதும் அடித்தவனின் நெஞ்சு, பட்டாளத்து நடை போல ஒன்று-இரண்டு அடிக்குமா? அந்த இயந்திரம் பொய் சொல்கிறது, மாத்திரையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். "மாத்திரை போடாம வாசலைத் தாண்டிப் பாருங்க, தெரியும்" என்கிறாள் என் மனைவி ஸ்தோய்னா. ஆகவே நான் கல்யாணத்துக்கே இல்லை. மணமக்கள் தினமும் சண்டை போட்டு, தினமும் சமாதானமாகி நெடுநாள் வாழட்டும்.

அன்புடன்,
அண்ணன் ராதோய்

பி.கு.: உறையை ஒட்டும்போது மறுபடி வந்துவிட்டது. ஸ்தோய்னா என் நெஞ்சில் காதை வைத்து, கேட்டதை என் தோளில் விரலால் தட்டினாள். அவள் தலைநகரத்துக்காரி, எந்த ஆட்டத்திலும் காலை மாற்றி வைப்பவள், அவள் விரல் தானாக ஆட்டத்துக்குப் போகாது, அதனால் நம்பலாம். ஒரே சீராகத் தட்டினாள். தட்டிக்கொண்டே அழுதாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. முக்கினேன், நின்றது. மாத்திரையையும் விழுங்கிவிட்டேன். வேறு ஆளிடம் பேசியிருந்தால் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. மேளத்தோடு நான் வருகிறேன்.