அப்பாவின் தாடையில் அரை மில்லிமீட்டர்

அன்புள்ள அண்ணா,

இல்லை, அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. பேசினால் தாடை எலும்பு தேயும் என்று நினைக்கிறார். அதனால்தான் உன் போனை எடுப்பதில்லை. மற்றபடி நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

போன வருடம் அவருக்கு இரண்டு செயற்கைப் பல் நட்டார்கள் அல்லவா. இடப்பக்கம் ஒரே துண்டு. வலப்பக்கம் இரண்டு துண்டு: எலும்புக்குள் திருகு, அதன்மேல் பல். டாக்டர் சும்மா இருந்திருக்கலாம். "முதல் வருஷம் சுத்தி இருக்கிற எலும்பு ஒரு இழை குறையும் சார். வகைக்கு வகை மாறும்" என்றார். முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்த மனிதரிடம்.

அன்றிலிருந்து அளக்கிறார். காலையில் கண்ணாடி, இரும்பு ஸ்கேல், என் போன் வெளிச்சம். அசையாத புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டுமாம். அசையாத புள்ளி, பக்கத்தில் இருக்கும் அவருடைய சொந்தக் கடைவாய்ப்பல். அதைவிட வலப்பக்கத்துப் புதுப்பல் அரை மில்லிமீட்டர் இறங்கிவிட்டது என்று சீட்டில் எழுதிக் காட்டினார். மூன்று மாதமாக எல்லாம் சீட்டில்தான். "வீடு அமைதியா இருக்கு, கெடுத்துடாதே" என்கிறாள் அம்மா. நேற்று வெளிச்சம் பிடிக்கும்போது என் விரல் தவறிப் பட்டு, போன் அலுவலக வீடியோ கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. பதினொரு பேர் அப்பாவின் கடைவாயைப் பார்த்தார்கள். மேலாளர் மட்டும், "கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைங்கம்மா" என்றார்.

சிரிப்புதான். ஆனால் ஸ்கேல் பிடிக்கும் அவர் கை நடுங்குகிறது. அதை அவர் அளப்பதில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் அந்தப் புதுப்பல்லைக் கழற்றச் சொல்லப் போகிறார். ஆறு மாத வலி வீண். வேண்டாம் என்று நீ ஒரு கடிதம் போடு. படிக்கும்போது தாடை அசையாது.

அண்ணிக்கு அன்பு. குட்டிக்கு முதல் பல் வந்துவிட்டதா? எல்லோருடைய பற்களும் அவரவர் இடத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெளிச்சம் பிடிக்கும் தங்கை

பி.கு.: நீ எழுத வேண்டாம். இதைத் தபாலில் போட மறந்தேன், வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "நட்டது ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது சார். உங்க சொந்தப் பல்லைச் சுத்திதான் எலும்பு கரைஞ்சிருக்கு. அது மேல கிளம்பிட்டு வருது. அதைத்தான் எடுக்கணும்."

அப்பா மூன்று மாதத்தில் முதன்முறையாகப் பேசினார்: "அப்ப நான் தப்பான இடத்துல நின்னு அளந்திருக்கேன்."

"கல்யாணமான நாள்லேருந்தே" என்றாள் அம்மா.

அந்த இடத்திலும் ஒரு செயற்கைப் பல் நடப் போகிறார்கள். எந்த வகை நல்லது என்று அப்பா கேட்க ஆரம்பித்தார். நான் அவர் சட்டைப்பையிலிருந்த ஸ்கேலை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.